கட்டக் கட்ட நிரம்பும் சிறைகள்

சிறைகளில் இடமில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம் அரசுகள் சொல்லும் பதில் ஒன்றுதான்: புதிய சிறைகள் கட்டுவோம், இருக்கும் சிறைகளை விரிவுபடுத்துவோம். இந்தப் பதில் பலன் தந்ததா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கே சொல்லிவிடுகிறது.

2012 இறுதியில் இந்தியச் சிறைகளின் மொத்தக் கொள்ளளவு 3,43,169. அடைக்கப்பட்டிருந்தவர்கள் 3,85,135 பேர். பத்தாண்டுகள் கழித்து, 2022 இறுதியில் கொள்ளளவு 4,36,266 ஆக உயர்ந்தது. 93 ஆயிரம் பேருக்குப் புதிதாக இடம் உண்டாக்கியிருக்கிறோம். ஆனால், அதற்குள் கைதிகளின் எண்ணிக்கை 5,73,220 ஆகிவிட்டது. நூறு பேருக்கான இடத்தில் 112 பேர் இருந்தது போய், 131 பேர் என்றானது.

கூடுதலாக உள்ளே போனவர்கள் யார்? பத்தாண்டுகளில் ஏறக்குறைய 1.88 லட்சம் கைதிகள் அதிகரித்தார்கள் என்றால், அவர்களில் 1.79 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். தண்டனைக் கைதிகளின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. 2022 இறுதியில் விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302 பேர். நாட்டுச் சிறைகளின் மொத்தக் கொள்ளளவைவிட இது இரண்டாயிரம்தான் குறைவு. தண்டனை பெற்ற ஒருவர்கூட உள்ளே இல்லையென்றாலும் நம் சிறைகள் நிரம்பியே கிடக்கும். குற்றம் நிரூபிக்கப்படாதவர்களை அடைத்துவைக்கவா மக்கள் பணத்தில் மேலும் மேலும் மதில் எழுப்புவது?

ஜாமீன் கிடைத்த பிறகும் வெளியே வர முடியாதவர்களின் நிலை இன்னும் கொடியது. இரு நபர் ஜாமீன் என்று உத்தரவாகிறது. கூலித் தொழிலாளியின் மனைவி, ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் வைத்திருக்கும் இரண்டு பேரைத் தேடி அலைகிறார். வாடகை வீட்டில் இருப்பவருக்கு வரி ரசீது ஏது? பிழைக்க வந்த வெளிமாநிலத்தவருக்கு நீதிமன்றத்துக்கு வந்து கையெழுத்துப் போட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? ஜாமீன்தாரர் கிடைக்கும்வரை ஜாமீன் உத்தரவு வெறும் காகிதம்தான்.

2022 நவம்பர் 26 அன்று அரசமைப்புச் சட்ட நாள் விழாவில், நீதிபதிகளின் முன்னிலையிலேயே குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இந்த ஏழைகளைப் பற்றிப் பேசினார். நாடு முன்னேறுகிறது என்றால் புதிய சிறைகள் எதற்கு என்றும் கேட்டார். அதையடுத்து, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவான வழிகாட்டுதல்களைத் தந்தது: ஜாமீன் பெற்றவர் ஒரு வாரத்தில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதமாகியும் பிணை கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். மத்திய அரசும் விசாரணைக் கைதிக்கு ரூ.40,000 வரை உதவும் திட்டத்தை அதே ஆண்டு அறிவித்தது. நல்ல திட்டம்தான். ஆனால் பல ஏழைகளுக்குப் பணத்தைவிட அரிதாக இருப்பது ஜாமீன்தாரர். ஆள் பிணையையே வற்புறுத்தும் பழக்கம் மாறாதவரை அந்த நிதி கைதியைச் சென்றடையாது.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவு இன்னொரு கதவைத் திறந்தது. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்திருந்தால் விடுவிக்கப்பட வேண்டும். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டிலேயே உத்தரவிட்டது. ஆனால், ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. ஒரே சம்பவத்துக்கு நான்கைந்து பிரிவுகளில் வழக்குப் பதிவது காவல் நிலையங்களின் அன்றாட வழக்கம். அப்படியிருக்க, இந்தக் கதவு எத்தனை பேருக்குத் திறக்கும்? நாடாளுமன்றம் அந்த விலக்கை நீக்க வேண்டும்.

இது வட மாநிலங்களின் சிக்கல் என்று தமிழகம் ஒதுங்கிவிட முடியாது. 2022 கணக்கில் இங்கே மொத்தக் கொள்ளளவைவிடக் கைதிகள் குறைவு என்பது உண்மை. அதே கணக்கில், தடுப்புக் காவலில் இருப்போர் நாட்டிலேயே அதிகம் இருந்ததும் தமிழகத்தில்தான். குண்டர் சட்டத்தைக் கைக்கு வந்தபடி எடுத்து வீசுவதும், அதன்கீழ் பிறக்கும் தடுப்புக் காவல் ஆணைகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்வதும் வாடிக்கையாகிவிட்டன. ஆணை ரத்தாகும்வரை உள்ளே கழிந்த மாதங்களுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

இடிந்து விழும் நிலையில் உள்ள பழைய சிறைகளுக்கு மாற்றுக் கட்டடம் தேவை. கைதிகள் முறைவைத்துத் தூங்கும் கொட்டடிகளை அப்படியே விட்டுவைக்கவும் கூடாது. அந்தச் செலவை யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஆனால், நெரிசல் உண்டாகும் இடம் சிறை வாசல் இல்லை. காவல் நிலையமும் ரிமாண்ட் நீதிமன்றமும்தான். ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் தேவையில்லாமல் கைது செய்யக் கூடாது, நீதித்துறை நடுவர்களும் இயந்திரத்தனமாகக் காவலில் அனுப்பக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது இன்னமும் ஏட்டளவில்தான் இருக்கிறது.

மாவட்ட நீதிபதிகள் தலைமையில் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள், 479-ஆவது பிரிவின்கீழ் விடுதலைக்குத் தகுதி பெற்றவர்கள் ஆகியோரின் எண்ணிக்கையை இக்குழுக்கள் சிறைவாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். அடுத்த சிறைக்கு நிதி ஒதுக்கும் முன், அந்தக் கணக்கைச் சட்டப்பேரவையில் வைக்க மாநில அரசு முன்வர வேண்டும்.