தண்ணீர் இறைக்காத கிணறு!

பள்ளிபாளையம் குட்டீஸ், உங்கள் ஊர்ப் பாலத்தில் நின்றால் காவிரி தெரியும். அதற்குத் தண்ணீர் அனுப்ப மேலே மேட்டூர் அணை இருக்கிறது. அணையே இல்லாத சின்ன ஆறு வறண்டால் என்ன செய்வது?

வேலூர் மாவட்டத்தில் ஓடும் நாகநதி, 15 ஆண்டுகளுக்கும் மேலாக வறண்டு கிடந்தது. 2014ல் அதை மீட்கும் பணி தொடங்கியது. சுமார் 20 ஆயிரம் பெண்கள், நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலி பெற்று, மண்வெட்டியும் கூடையுமாக இறங்கினர்.

ஆற்றைத் தூர் வாரினால் போதாதா? போதாது. மழைநீர் வேகமாக ஓடிவிட்டால், ஆழமான ஆறும் சில நாளில் காய்ந்துவிடும். அதனால், ஓடைகளின் குறுக்கே கற்களை அடுக்கித் தடுப்புகள் கட்டினர். ஓடிய தண்ணீர் சற்று நின்றது. பக்கத்திலேயே கிணறு தோண்டி, சிமென்ட் உறைகளை இறக்கினர். இது இறைக்கும் கிணறு அல்ல; தண்ணீரை பூமிக்குள் அனுப்பும் கிணறு! நிலத்தடி நீர் உயர்ந்தால், அது ஊற்றாகக் கசிந்து, மழை நின்ற பிறகும் ஆற்றை ஓட வைக்கும்.

நாகநதியில் மறுபடி தண்ணீர் வந்தது. ஆனால், வேலை முடியவில்லை. மேட்டு நிலத்தில் மரமும் புல்லும் இல்லாவிட்டால், மழை மண்ணை அரித்து வந்து தடுப்புகளை மூடிவிடும். அந்த வண்டலை அடிக்கடி அள்ள வேண்டும். உங்கள் பக்கத்து ஓடையில் அதை யார் அள்ளுகிறார்கள்? தாத்தாவிடம் கேட்டுப் பாருங்களேன்!