ஜாடியும் மூடியும்

"ஜாடிக்கேற்ற மூடி" என்று நம் இல்லங்களில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சீன தேசத்திலோ அது மெய்யாகவே ஒரு சரித்திரமாயிற்று.

சுமார் நூறாண்டுகளுக்கு முன் ஹூனான் மாகாணத்தில் மண்ணினின்று ஒரு வெண்கல ஜாடி வெளிப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், மறைந்த தந்தைக்கு மது படைத்து வழிபடும் பொருட்டு ஒரு மகன் வார்ப்பித்த நாற்கோண ஜாடி அது. தந்தையின் பெயரை ஜாடியிலும் மூடியிலும் பொறிக்கச் செய்திருந்தான். ஆனால் வியாபாரிகள் கையில் இரண்டும் பிரிந்தன. மூடி ஹூனானிலேயே தங்கி, அங்குள்ள பொருட்காட்சிசாலையை அடைந்தது. ஜாடி ஜப்பான் சென்று, பின்னர் 2001-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் 92 லக்ஷம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அத்தனை பொருள் கொடுத்தவருக்கும் கிட்டியது மூடியில்லாத ஜாடியே!

2014-இல் மறுபடியும் ஏலம் கூறவிருந்த சமயம், ஹூனான்வாசிகள் சிலர் ஒன்றுகூடி, ஏலத்துக்கு முன்பே விலை பேசி முடித்து, ஜாடியைப் பொருட்காட்சிசாலைக்கு அளித்தனர். அவ்வாண்டே மூடி தன் ஜாடியின்மீது அமர்ந்தது.

இதில் நம்மை வியப்பில் ஆழ்த்துவது விலையன்று. முன்னோர் செல்வத்தைப் பிரித்து விற்க ஒரு நாள் போதும். ஒன்று சேர்க்கவோ ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.