திடலில் எழும்பும் கோபுரங்கள்: புக்கிட் கியாரா காட்டும் கணக்கு

கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இரண்டு புளோக்குகளுக்கு நடுவே பிள்ளைகள் பந்து விளையாடும் திடலைச் சுற்றி ஒரு நாள் தகர வேலி எழும்பும். பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை நிற்கும். அதை நின்று படிப்பவர்கள் நம்மில் சிலரே.

243 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தலைநகரில் கட்டுவதற்குப் புதிய நிலம் அதிகம் மிச்சமில்லை. அதனால் குடியிருப்புகளுக்கு இடையே விட்டுவைத்த திடல், கார் நிறுத்துமிடம், பூங்கா ஓரம் எல்லாவற்றின் மீதும் மேம்பாட்டாளர்களின் கண் விழுகிறது. காகிதத்தில் அவை காலி இடங்கள். அங்கே வாழ்பவர்களுக்கோ அது தீயணைப்பு வண்டி திரும்பும் இடம், மழைநீர் இறங்கும் இடம், கல்யாணத்திற்குப் பந்தலும் இறப்பு வீட்டிற்கு நாற்காலியும் போடும் இடம்.

அதற்காக எந்தக் கட்டடமும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. தோட்டத்தை விட்டு வந்த நம் மக்களுக்கும் வீடு எங்காவது கட்டித்தானே ஆக வேண்டும்? எவ்வளவு கட்டலாம், யாருக்காக, எந்த விதிப்படி என்று கேட்டால்தான் விஷயம் தெளிவாகும். புக்கிட் கியாரா வழக்கு இதற்குச் சரியான பாடம்.

புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் 1980களில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டி, ரூமா பாஞ்சாங் எனப்படும் நீண்ட வீடுகளில் குடியேற்றப்பட்டன. தற்காலிகம் என்றார்கள், நிரந்தர வீடு வரும் என்றார்கள். சுமார் நூறு குடும்பங்கள் அந்த வாக்குறுதியோடு காத்திருந்தன.

2017 ஜூலையில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் ஒரு திட்டத்திற்கு அனுமதி கொடுத்தது. பொதுப் பூங்காவான தாமான் ரிம்பா கியாராவின் சுமார் 25 ஏக்கரில் 12 ஏக்கரை அது எடுத்துக்கொள்ளும். நீண்ட வீட்டு மக்களுக்கென்று சொல்லப்பட்டது 29 மாடியில் ஒரே ஒரு புளோக், 350 வீடுகள். அதோடு 42 முதல் 54 மாடி வரை எட்டு ஆடம்பரக் கோபுரங்கள், 1,766 வீடுகள்.

கூட்டிப் பாருங்கள். மொத்தம் 2,116 வீடுகள், அதில் மலிவு விலை வீடு ஆறில் ஒன்று. பூங்காவில் பாதி போவதற்குச் சொல்லப்பட்ட நியாயம் நம் மக்களின் வீடு. கிடைக்கவிருந்த இடத்தில் பெரும்பகுதி வேறு யாருக்கோ.

வட்டார மக்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18இல், நீதிபதி நளினி பத்மநாதன் தலைமையிலான கூட்டரசு நீதிமன்றக் குழு அதையே உறுதிப்படுத்தியது. இந்த வழக்கில் நீண்ட வீட்டு மக்களின் சங்கம் மேம்பாட்டாளர் இருந்த பக்கத்திலேயே நின்றது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தனை ஆண்டு காத்திருந்தவன் முன்னால் ஒரு சாவியை ஆட்டினால் கை நீளத்தான் செய்யும். ஆனால் பூங்காவைக் காக்க வந்தவர்களும் நீண்ட வீடு நிற்கும் இடத்திலேயே அந்த மக்களுக்கு வீடு கட்டுங்கள் என்றுதான் சொன்னார்கள். ஏழையின் வீடும் பூங்காவும் எதிரிகளாக இருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கோபுரங்கள்தான் இரண்டையும் மோதவிட்டன.

தீர்ப்பில் நமக்குப் பயன்படும் விஷயங்கள் சில உண்டு. நகரின் சட்டப்பூர்வ அமைப்புத் திட்டத்தை மாநகர் மன்றம் நினைத்தபடி ஓரம் கட்ட முடியாது. அதிலிருந்து விலகினால் காரணம் சொல்ல வேண்டும். ஆட்சேபம் தெரிவித்தவர்களுக்கும் காரணம் சொல்லும் கடமை உண்டு. பக்கத்து நிலத்தின் சொந்தக்காரர் மட்டும்தான் பேசலாம் என்ற வாதம் எடுபடவில்லை. நிலத்தை வைத்திருந்த அறவாரியத்தின் வாரியத்தில் டத்தோ பண்டாரும் இருந்ததால், அனுமதி கொடுத்ததில் நலன் முரண்பாடு இருந்ததையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

இன்று இது ஏன் முக்கியம்? கோலாலம்பூரின் 2040 உள்ளூர்த் திட்டம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்தத் துண்டு நிலத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு அடர்த்தியாகக் கட்டலாம் என்பது அதன் வரைபடத்தில் இருக்கிறது. உங்கள் புளோக்குக்குப் பின்னால் உள்ள திடல் அதில் பொதுத் திறந்தவெளியா, குடியிருப்பு நிலமா என்று குடியிருப்பாளர் சங்கம் இப்போதே பார்த்து வைக்க வேண்டும். கட்டத்தான் போகிறார்கள் என்றால் அடுத்த கேள்வி, ஏற்கெனவே இருப்பவர்களுக்கான வீடு முதல் கட்டத்தில் எழும்புமா, கடைசியிலா? கோபுரங்கள் விற்று முடித்த பிறகு மலிவு விலை புளோக் என்றால், அந்தப் புளோக்கை எழுத்தில் கேளுங்கள், தேதியோடு.

தகர வேலி எழும்பிய பிறகு கேட்டால் வழக்குதான் மிச்சம். புக்கிட் கியாராவில் அந்த வழக்கு முடிய ஆறு ஆண்டுகள் ஆயின. தீர்ப்பு வந்த நாளிலும் அந்தக் குடும்பங்கள் நீண்ட வீட்டில்தான் இருந்தன.