இந்தக் குழாய் இன்றும் தேவையா?

நோயாளியின் உடலில் பொருத்தப்படும் கருவிகளுள் எளிதில் மறக்கப்படுவது சிறுநீர்க் குழாயே. கையில் ஏற்றிய சலைன் ஊசி வீங்கினால் நோயாளியே சொல்லிவிடுவார். மூக்கில் செருகிய உணவுக் குழாய் எல்லோர் கண்ணிலும் படும். போர்வைக்கு அடியில் கிடக்கும் கதீட்டரோ, எவர் கவனத்துக்கும் வராமல் நாள்கணக்கில் தங்கிவிடுகிறது.

குழாயே கூடாதென்று நாங்கள் கூறவில்லை. புரோஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்கு அது உடனடி நிவாரணம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கு மணி சிறுநீரை அளக்கவும், நீண்ட அறுவை சிகிச்சைகளின்போதும் அது இன்றியமையாதது. 1930களில் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி உருவாக்கிய பலூன் குழாய்தான் அவர் பெயராலேயே இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. எங்கள் கவலை, தேவை முடிந்த பின்னும் அகற்றப்படாத குழாயைப் பற்றியது.

இயல்பான உடலில், சிறுநீர் வெளியேறும் ஒவ்வொரு முறையும் கிருமிகளை அடித்துச் சென்றுவிடுகிறது. குழாய் இருக்கும்போது அந்தக் காவல் தளர்கிறது. கிருமிகள் குழாயின் உட்புறமும் வெளிப்புறமும் பாசிபோல் படர்ந்து, மருந்து எளிதில் ஊடுருவ முடியாத படலமாகின்றன. குழாய் பொருத்தப்பட்டவர்களுள், நாளொன்றுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமிகள் சேர்கின்றன. ஒரு மாதம் கடந்தால் ஏறக்குறைய அனைவருக்கும் சேர்ந்துவிடும்.

ஆனால் சிறுநீரில் கிருமி இருப்பது வேறு, நோய்த்தொற்று வேறு. சிறுநீர் கலங்கியிருக்கிறது, வாடை வீசுகிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் மருந்தைக் கேட்க வேண்டாம். தேவையின்றிக் கொடுத்தால், பின்னர் தேவைப்படும்போது அம்மருந்து பயனற்றுப் போகலாம். குளிருடன் காய்ச்சல், அடிவயிற்றிலோ விலாப்புறத்திலோ வலி, முதியவரிடம் திடீரெனத் தோன்றும் மனக்குழப்பம் அல்லது அசாதாரண மயக்கநிலை ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே தெரிவியுங்கள்.

தொற்று மட்டுமே தீங்கன்று. பலூனில் உள்ள நீரை வெளியேற்றாமல் குழாயை இழுத்தால் சிறுநீர்த்தாரை கிழிந்து இரத்தம் கசியும். அந்தப் புண் ஆறும்போது பாதை சுருங்கிவிடவும் கூடும். உப்புப் படிந்து குழாய் அடைபடலாம். சிறுநீர்ப்பை இசிவெடுத்து, குழாயைச் சுற்றிச் சிறுநீர் கசியலாம். ஆண்களுக்குக் குழாய் பொருத்திய பின் முன்தோலை மீண்டும் முன்னே கொண்டுவராவிட்டால் அது இறுகி வீங்கும். இவற்றோடு, குழாயும் பையும் நோயாளியைக் கட்டிலோடு பிணைத்துவிடுகின்றன. நடமாட்டம் குறைந்தால் படுக்கைப் புண்ணும் தசைத் தளர்ச்சியும் தொடர்கின்றன.

இங்கேதான் எங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறோம்: வசதி ஒரு மருத்துவக் காரணம் ஆகாது. “குழாய் இருந்தால் துணி நனையாது, இரவில் எழுப்ப வேண்டியதில்லை” என்று உடனிருப்போர் சிலர் கேட்கின்றனர். வயதான தாயை இரவில் நான்கு முறை தூக்கி அமர்த்தும் மகளின் இடுப்புவலியை நாங்கள் அறிவோம், அக்களைப்பு பொய்யன்று. ஆயினும் அதற்குத் தீர்வு வேறு: படுக்கைக் கலம், ஆண்களுக்கான சிறுநீர்க் குடுவை, உறிஞ்சும் டயப்பர், ஆணுறை வடிவ வெளிக்குழாய், குறித்த நேரத்தில் எழுப்பிச் சிறுநீர் கழிக்கவைத்தல். இவற்றைச் சொல்லித் தருவதும், தூக்கி அமர்த்தக் கைகொடுப்பதும் மருத்துவமனையின் கடமை. உதவி கேட்கத் தயங்க வேண்டாம்.

நாள்தோறும் மருத்துவர் வரும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “இந்தக் குழாய் இன்றும் எதற்காகத் தேவை? எப்போது எடுப்பீர்கள்?” இது மருத்துவரைச் சோதிப்பதன்று, சிகிச்சையில் பங்கேற்பது. காரணம் இருந்தால் அவர் கூறுவார். இல்லையெனில் அன்றே குழாய் வெளியே வரும். ஆனால் நீங்களாக ஒருபோதும் அதை அகற்ற முயல வேண்டாம்.

குழாய் இருக்கும் வரை, பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக்கூடாது. தொடும் முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவுங்கள். குழாய் மடங்காமலும் இழுபடாமலும் தொடையோடு ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். இணைப்பைப் பிரிக்காதீர்கள். குழாயை எடுத்து ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் வராவிட்டாலோ, அதற்கு முன்பே அடிவயிறு உப்பி வலித்தாலோ செவிலியரிடம் கூறுங்கள்.

குழாயோடு வீடு திரும்பும் நிலை வந்தால், மாற்ற வேண்டிய நாளையும் வர வேண்டிய இடத்தையும் எழுதி வாங்காமல் புறப்படாதீர்கள். தேதி குறிக்கப்படாத குழாயே மறக்கப்படும் குழாய்.