மேலே மனு கொடுத்தவர்கள் கீழே கதவைத் திறந்தார்களா?

சாரல் காலத்தில் ஐந்தருவியில் நாங்கள் சிலர் கூடிப் புத்தகம் வாசிப்பது வழக்கம். இந்த முறை ஜார் கால ரஷ்யா. "இப்படியொரு மிதவாத எதிர்ப்பு நம்ம நாட்டுலயும் இருந்துச்சா, தோழர்?" என்று இளம் தோழர் ஒருவர் கேட்டார். இருந்தது. அதைச் சேரியின் பக்கம் நின்று சொல்ல வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ரஷ்யாவில் 1864இல் ஜெம்ஸ்த்வோ என்னும் உள்ளாட்சி மன்றங்கள் வந்தன. பள்ளி, மருத்துவமனை, சாலை என்று அவற்றில் வேலை பார்த்த நிலவுடைமையாளர்களும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் மெல்ல மெல்ல அரசியல் சட்டம் கேட்கத் தொடங்கினார்கள். 1905இல் காடெட் கட்சி பிறந்தது. 1906இல் முதல் டூமாவில் அதுவே பெரிய கட்சி. பண்ணையார் நிலத்தை இழப்பீடு கொடுத்துக் கட்டாயமாக எடுத்து உழவருக்குத் தர வேண்டும் என்றது. மூன்று மாதம் ஆகுமுன் ஜார் டூமாவைக் கலைத்துவிட்டார். இழப்பீட்டை உழவர்களும் விரும்பவில்லை. ஆனாலும் நிலம் என்ற கேள்வியை அந்த மிதவாதிகளால் ஒதுக்க முடியவில்லை.

இங்கே 1884இல் சென்னை மகாஜன சபை, 1885இல் காங்கிரஸ். வக்கீல்களும் பத்திரிகை ஆசிரியர்களும் சட்டசபையில் இடம் கேட்டார்கள். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தச் சொன்னார்கள். அந்நிய ஆட்சியிடம் கேட்க வேண்டியவைதாம். ஆனால் சமூகச் சீர்திருத்தம் காங்கிரசின் வேலையல்ல என்று 1886இலேயே தலைவர் தாதாபாய் நௌரோஜி வரம்பு கட்டிவிட்டார்.

1892இல் மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசப் பண்டிதர் எழுந்து கோயில் நுழைவைக் கேட்டார். கதவு திறக்கவில்லை. அப்படியானால் எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியும் எங்களுக்குத் தரிசு நிலமும் வேண்டும் என்றார். அதே ஆண்டு வந்த பஞ்சமி நில ஆணைக்கு அடிப்படை, செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை. வெள்ளையரைப் புகழ இதைச் சொல்லவில்லை. வரிக்காக மிராசுதாரரைக் காத்தவர்களும் அவர்களே.

ஐ.சி.எஸ். கோரிக்கையை எதிர்த்து இரட்டைமலை சீனிவாசன் 3412 பேரின் கையொப்பத்தோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அவரை வெள்ளையருக்கு வால்பிடித்தவர் என்பது எளிது. சேரிக்குத் தண்ணீர் மறுத்தவரின் கையிலேயே கலெக்டர் அதிகாரமும் போனால் என்ன ஆகும் என்ற அச்சத்துக்கு யார் பதில் சொன்னது?

மிதவாதம் போய்த் தீவிரம் வந்தால் இது மாறியிருக்குமே என்பார்கள். எங்கள் பக்கத்துச் சேரன்மாதேவியைப் பாருங்கள். ஆயுதப் புரட்சி பேசிய வ.வே.சு. ஐயர் காங்கிரஸ் பணமும் பெற்று நடத்திய குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப்பந்தி. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கும் இடம் மறுக்கப்பட, 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார்.

ஆக, மிதமா தீவிரமா என்பதல்ல கேள்வி. மேலிருப்பவனிடம் கேட்கும் உரிமையைக் கீழிருப்பவனுக்குக் கொடுக்கிறாயா என்பதே கேள்வி. இன்றும் "பொது எதிரியை முதலில் வீழ்த்துவோம், சாதியைப் பிறகு பேசுவோம்" என்கிறார்கள் தாராளவாத நண்பர்கள். பொது எதிரியை எதிர்க்க நாங்களும் வருகிறோம். அதற்குமுன் ஒன்று சொல்லுங்கள்: பஞ்சமி நில மீட்பும் ஆணவக்கொலைக்கு எதிரான தனிச்சட்டமும் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கின்றன?