பார்க்கும் படமும் படைக்கும் படமும்

புலம்பெயர்ந்து வாழும் எமது பெற்றோரிடையே ஒரு கவலை பரவலாகக் காணப்படுகின்றது. பாடசாலையால் வந்த பிள்ளை புத்தகத்தை விரிப்பதில்லை. கணனியின் முன்னமர்ந்து சித்திரங்களை அசைத்துக்கொண்டிருக்கின்றது. கேட்டால் விஞ்ஞானப் பாடத்துக்கான ஒப்படை என்கிறது. இது படிப்பா, விளையாட்டா? நியாயமான கேள்விதான். பிள்ளை அந்த அசைபடத்தைப் பார்க்கின்றதா, படைக்கின்றதா என்பதிலேயே அதற்கான விடை தங்கியுள்ளது.

பார்ப்பதால் மட்டும் பெரும்பயன் விளையும் என்று எண்ணுவது தவறு. கலிபோர்னியாவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து உளவியலாளர் பார்பரா ற்வேர்ஸ்கியும் இரு சக ஆய்வாளர்களும், அசைபடங்கள் கற்றலுக்கு உதவுகின்றனவா என்பதை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அசையாப் படங்களைவிட அசையும் படங்கள் மேலானவை என்பதற்கு உறுதியான சான்றினை அவர்கள் காணவில்லை. அசைவு பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாத வேகத்திலும் சிக்கலுடனும் ஓடிவிடுகின்றது. பார்த்தவருக்கோ எல்லாம் விளங்கிவிட்டது போன்ற மயக்கம் மட்டும் எஞ்சலாம்.

படைப்பவரின் நிலை வேறு. கறியுப்பு நீரில் கரைவதை எடுத்துக்கொள்வோம். "உப்பு நீரில் கரையும்" என்று விடைத்தாளில் எழுதிவிட்டு ஒரு மாணவர் புள்ளி பெற்றுவிடலாம். அதனையே அசைபடமாக ஆக்க முற்படும்போது அவரால் எதனையும் மழுப்ப முடியாது. சோடியம் அயனும் குளோரைட் அயனும் எவ்வாறு பிரிகின்றன? நீர் மூலக்கூறுகள் எத்திசையிலிருந்து வருகின்றன? எந்த அயனை நோக்கி எந்தப் பக்கத்தைத் திருப்புகின்றன? ஒவ்வொரு சட்டகத்திலும் அவர் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். தெரியாதது எதுவோ அது திரையில் வெளிப்பட்டுவிடும். ஆசிரியர் திருத்த வேண்டிய இடமும் அதுவே.

இவ்வெண்ணத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு முயற்சி கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கிலுள்ள எஸ்.ஆர்.ஐ. இன்ரநாஷனல் நிறுவனத்தில் நடைபெற்றது. 2000ஆம் ஆண்டினை அண்டிய காலத்தில் அங்கு உருவாக்கப்பட்ட 'கெம்சென்ஸ்' என்னும் மென்பொருளில், உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள் மூலக்கூறுகளைத் தாமே வரைந்து, தாமே அசைத்து, ஒருவர் படத்தை மற்றவர் விமர்சிக்கவும் முடிந்தது. 2007இல் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் 'ஸ்கிராச்' என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டபின், சாதாரண வீட்டுப் பிள்ளையும் அசைபடம் செய்வது எளிதாயிற்று. 2013இல் வெளிவந்த புதிய தலைமுறை விஞ்ஞானக் கல்வி நியமங்கள், மாணவர் பயில வேண்டிய எட்டுச் செயன்முறைகளுள் ஒன்றாக மாதிரியுருக்களை ஆக்குதலையும் பயன்படுத்தலையும் வைத்துள்ளன. கலிபோர்னியா அவ்வாண்டிலேயே அவற்றை ஏற்றது. நியூஜேர்சி 2014இல் ஏற்றது. டெக்சாஸ் தனக்கென வேறு நியமங்களை வைத்திருக்கின்றது.

இனி, இவ்விடயம் எம்மவர்க்கு ஏன் முக்கியமாகின்றது என்பதற்கு வருவோம். நியூஜேர்சியில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் தந்தை, தாயகத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பித்தவர்; தமிழிலேயே கற்பித்தவர். இங்கு தஞ்ச வழக்கின் தீர்ப்பை எதிர்பார்த்தவாறு இரவில் பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்கின்றார். மகளின் ஆங்கிலப் பாடநூல் அவருக்கு அந்நியம். தந்தைக்கு விஞ்ஞானம் தெரியும் என்பது மகளுக்கு அந்நியம். ஒருநாள் மகள் செய்துகொண்டிருந்த உப்புக் கரைசற் படத்தை அவர் நின்று பார்த்தார்.

"பிள்ளை, தண்ணி மூலக்கூறு மாறியெல்லோ நிற்குது? சோடியத்தைப் பார்த்து ஒட்சிசன் பக்கம்தானே திரும்ப வேணும்?"

"அப்பா, உங்களுக்கு இது தெரியுமோ?"

அன்றிரவு இருவரும் அப்படத்தைத் திருத்தினர். சித்திரத்துக்கு மொழி தேவைப்படவில்லை. அதனால் பத்து வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒருவரின் அறிவுக்கு வழி திறந்தது. எம்மிடையே இத்தகையோர் பலர் உளர். அகதி என்ற பெயரோடு அவர்களது கல்வியும் மறக்கப்பட்டுவிட்டது.

இம்முறையிலும் குறைகள் உண்டு. ஒரு நிமிடப் படத்துக்குப் பல மணிநேரம் செலவாகும். நிறங்களிலும் இசையிலும் மயங்கிப் பிள்ளை விஞ்ஞானத்தைக் கைவிட்டுவிடக்கூடும். நாற்பது ஒப்படைகளைப் பார்க்கும் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிழையையும் கண்டறிய அவகாசமிராது. இன்று, கட்டளையிட்டால் தானே படம் ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றிடம் வேலையை ஒப்படைக்கும் பிள்ளை மீண்டும் வெறும் பார்வையாளராகிவிடுகின்றது. ஆகவே ஒரு படத்துக்கு ஒரு நிகழ்வு போதும். வட்டங்களும் கோடுகளும் போதும். கணனியைத் திறக்குமுன் தாளில் வரைதல் அவசியம்.

எமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாணவர் செய்யும் அசைபடங்களுக்குத் தமிழில் விளக்கவுரை பேச வையுங்கள். அவற்றைத் திருத்த, முன்னாள் விஞ்ஞான ஆசிரியர்களை அழையுங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மசாசுசெற்ஸ் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். தமிழில் மருத்துவ நூல்களும் வரச் செய்தார். அமெரிக்கர் ஒருவர் எமது மண்ணில் அன்று தமிழால் விஞ்ஞானம் கற்பிக்க முடிந்ததெனில், அமெரிக்க மண்ணில் எமது பிள்ளைகளுக்கு நாம் அதனைச் செய்ய முடியாதா?

இன்றிரவு பிள்ளை கணனியின் முன் அமரும்போது ஏசாதீர்கள். அருகில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, "இது ஏன் இப்படி அசையுது?" என்று மட்டும் கேளுங்கள்.