பல்லைக் காட்டிப் பயமுறுத்தாதீங்க

பசறைப் பக்கம் ஒரு தோட்டம். வாசிகசாலைச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கறுத்து, உடைந்து, ஈறுவரைக்கும் தேய்ந்துபோன ஒரு வாய். கீழே, ஐஸ் உயிரைக் குடிக்கும் என்று சிவப்பு எழுத்து. வீதி நாடகத்துக்கு இடம் பார்க்க நாங்கள் போயிருந்த அன்று, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு ஆச்சி நின்று அதை உற்றுப் பார்த்தார். "இது என்னா தம்பி, என் வாயப் போட்டோ புடிச்சு ஒட்டியிருக்கானுக?" என்று கேட்டு வாயைத் திறந்து காட்டினார். மேலே நாலு, கீழே ரெண்டு, எல்லாம் வெத்தலைக் காவி.

எல்லாரும் சிரித்தோம். பதுளைக்குத் திரும்புகிற பஸ்ஸில்தான் அது உறைத்தது. பல் போனது ஒரு பயங்கரமாகத் தெரியவேண்டுமானால், முதலில் எல்லாருக்கும் பல் இருக்கவேண்டும். நாற்பது வயதில் முன்பல் இல்லாத மாமாவும், கொடுப்புப்பல் முழுக்கப் புடுங்கின அத்தையும் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த பயலுக்கு அந்தப் போஸ்டர் என்ன சொல்லும்? 'வயசானா எப்படியும் கொட்டத்தானே போவுது' என்றுதான் சொல்லும்.

அந்தப் படம் பொய் இல்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் மெத்தம்ஃபெட்டமைன் பாவித்த 571 பேரின் வாயைப் பல் வைத்தியர்கள் பரிசோதித்து 2015இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 96 பேருக்குச் சொத்தை. 31 பேருக்கு ஆறு பல்லோ அதற்கு மேலோ விழுந்துபோயிருந்தது. ஆனால் அது ஏன் அப்படி ஆகிறது என்று எந்தப் போஸ்டரும் சொல்வதில்லை. 'அதுல ஆசிட் இருக்கு, அது பல்லக் கரைச்சிடும்' என்றுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு. அப்படி நம்புகிறவன், 'நான் புகையா இழுக்கல, வேற மாதிரி எடுக்குறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது' என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறான். எங்களிடமே ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

நடப்பது வேறு. நம் வாயில் ஒரு நாளைக்கு அரை லீட்டரிலிருந்து ஒன்றரை லீட்டர் வரை எச்சில் ஊறுகிறது. சாப்பிட்ட இனிப்பைக் கிருமிகள் புளிப்பாக மாற்றும்போது அந்தப் புளிப்பை அடக்கி, பல்லின் மேற்பூச்சைக் காப்பாற்றுவது அந்த எச்சில்தான். ஐஸ் முதலில் அதை வற்ற வைக்கிறது. வாய் காய்ந்து தாகம் எடுக்கும், தாகத்துக்கு சோடாவும் எனர்ஜி டிரிங்கும் உள்ளே போகும். தாடை தானாக இறுகி, மணிக்கணக்கில் பல்லை நறநறவென்று அரைக்கும். ரெண்டு நாள், மூன்று நாள் தூக்கமில்லை, சோறில்லை. அந்த நாட்களில் பிரஷ்ஷை எவன் எடுக்கப்போகிறான்? எச்சில் இல்லாத வாயில் சீனித்தண்ணி ஊறிக்கொண்டே இருந்தால் முன்பல்லின் வெளிப்பக்கமும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலும்தான் முதலில் அழுகும். சிரித்தால் தெரிகிற இடம் அதுதான். எந்த வழியாக உடம்புக்குள் போனாலும் எச்சில் வற்றத்தான் செய்யும்.

இதைத் தோட்டத்து வாயில் வைத்துப் பாருங்கள். விடிய ஒரு சாயத்தண்ணி, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, எல்லாம் சீனி போட்டு. நடுவில் வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, போயிலை. இளசுகளுக்கு இப்போது பெட்டிக்கடை பாபுல். பாக்கு மட்டுமே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே அறிவித்துவிட்டது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். ஏற்கெனவே காயப்பட்ட இந்த வாய்க்குள்தான் இப்போது ஐஸ் நுழைகிறது.

உடம்புக்கும் அதே கதைதான். இதயம் ஓடு ஓடென்று ஓடும், ரத்த அழுத்தம் ஏறும், உடம்பு கொதிக்கும். இருபத்தைந்து வயதிலேயே மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். தோலுக்கு அடியில் பூச்சி ஊர்வது போல் இருக்கும், சொறிந்து சொறிந்து புண்ணாகும். சட்டை தொளதொளவென்று ஆகும். "கொழும்புத் தண்ணி ஒத்துக்கல போல" என்று அம்மா சொல்லுவார்.

யார் இதை எடுக்கிறார்கள் என்று கேட்டால் 'திமிரு புடிச்ச பயலுக' என்று சட்டென்று பதில் வரும். நாங்கள் பேசிப் பார்த்தவர்கள் அப்படி இல்லை. ஒருவர் புறக்கோட்டையில் மூட்டை இறக்குகிறவர், இன்னொருவர் எல்ல பக்கம் ஹோட்டலில் ராத்திரி வேலை முடித்து, பகலிலும் நின்றவர். டபுள் ஷிஃப்ட் அடித்தால்தான் வீட்டுக்கு அனுப்பக் காசு மிஞ்சும். "தூக்கம் வராது, பசிக்காது, கை வலிக்காதுனு குடுத்தானுங்க" என்றார் அந்த மூட்டைக்காரத் தம்பி. முதல் மாதம் அது உண்மையாகவும் இருந்ததாம்.

இந்தப் பொருளின் சரித்திரமும் அதையேதான் சொல்கிறது. 1893இல் ஜப்பானில் ஆய்வுகூடத்தில் உருவானது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்களுக்குப் பெர்விட்டின் என்றும், ஜப்பானில் பிலோபொன் என்றும் மாத்திரையாக வந்தது. களைப்பு தெரியாமல் ஆள் நிற்கவேண்டும், அவ்வளவுதான் நோக்கம். போர் முடிந்து மிச்சம் இருந்த மாத்திரை சந்தைக்கு வந்து, நாடே தள்ளாடிய பிறகுதான் 1951இல் ஜப்பான் தடைச்சட்டம் போட்டது. தாய்லாந்தில் தூரப்பயண லொறிக்காரர்கள் இதை முழுங்கிக்கொண்டு ஓட்டினார்கள். ஆச்சியின் வெத்தலையையும் நினைத்துப் பாருங்கள். மலையில் குளிரும் பசியும் தெரியாமல் இருக்கத்தானே அவரும் மெல்ல ஆரம்பித்தார். ரெண்டும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை, வெத்தலை யாரையும் மூன்று நாள் முழித்திருக்க வைக்காது. ஆனால் களைத்த உடம்பை இன்னும் கொஞ்சம் வேலை வாங்க ஒரு பொருள் என்கிற கணக்கு, நம் ஆட்களுக்குப் புதுசு இல்லை. நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக்கவே 2024 வரை இழுத்தார்களே.

எங்களுக்குப் பல்லை விடவும் பயமாக இருப்பது வேறொன்று. தொடர்ந்து எடுப்பவர்களில் சிலருக்கு மனம் கலங்கிவிடுகிறது. யாரோ பின்னால் வருகிறார்கள், சுவருக்குள் பேச்சுக் கேட்கிறது, வீட்டில் சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்றெல்லாம் சொல்வார்கள். லயத்தில் இதற்கு உடனே ஒரு பெயர் உண்டு: பேய். தீபாவளிக்கு வந்த ஒரு பையனை இப்படித்தான் மூன்று வாரம் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனார்கள். சேவல் அறுத்தார்கள், கயிறு கட்டினார்கள், வேப்பிலையால் அடித்தார்கள். சாமியைக் கும்பிடுங்கள், அதில் எங்களுக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் அந்த மூன்று வாரமும் அவன் தூங்கவில்லை, தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவேண்டியவனை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி என்றால் பொலிஸ் வரும் என்று அப்பா பயந்தார்.

அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. 2022இல் சட்டத்தைத் திருத்தி, 5 கிராம் ஐஸ் கையில் இருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை என்று ஆக்கினார்கள். (1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கில் போட்டதில்லை, ஆனாலும் வாசகம் பயமுறுத்தத்தான் செய்யும்.) 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை வந்தபோது, சில வாரங்களுக்குள்ளேயே 29,000க்கும் மேற்பட்டவர்கள் கைதானதைச் சுட்டிக்காட்டி ஐ.நா. நிபுணர்கள் நிறுத்தச் சொன்னார்கள். ராணுவம் நடத்திய கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் செத்ததும், நூற்றுக்கணக்கானவர்கள் வேலி தாண்டி ஓடியதும் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. இதையெல்லாம் பார்த்த ஒரு அப்பா, மகனை ஒளித்து வைக்காமல் என்ன செய்வார்? விற்கிறவனைப் பிடிக்கட்டும். பல்வலியோடும் நடுக்கத்தோடும் வருகிறவனுக்கு மட்டும் ஆஸ்பத்திரி வாசலில் பொலிஸ் ஜீப் ஞாபகம் வரக்கூடாது.

ஹெரோயினுக்கு மெதடோன் போல, ஐஸுக்கு மாற்றாகக் கொடுக்க அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. பேச்சுச் சிகிச்சை, தூக்கம், சாப்பாடு, கூடவே நிற்கிற ஆள் என்று மெதுவாகத்தான் சரியாகும். மனக்கலக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு, பெரும்பாலானவர்கள் அதிலிருந்து மீள்கிறார்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, மனநல உதவிக்கு 1926. எடுத்தவுடனே சிங்களத்தில் பேசினால் வைத்துவிடாதீர்கள், தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் ஆள் போடுவார்கள்.

பல்லுக்கு வருவோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு அது. ஆனால் பதின்மூன்று வயதோடு அந்தச் சேவை முடிகிறது. பையன் படிப்பை விட்டு வேலைக்குக் கிளம்புகிற வயதுக்குக் கிட்டத்தான் அதுவும் கைவிடுகிறது. நாங்கள் பார்த்த தோட்ட டிஸ்பென்சரி எதிலும் பல் கதிரை இல்லை. வலி வந்தால் பனடோல், இல்லையென்றால் கிராம்பு. பதுளைக்குப் போனால் இலவசம்தான், ஆனால் அன்றைக்குப் பேர் விழாது, பஸ்ஸுக்கும் காசு வேண்டும். அதனால் அடைக்க முடிகிற பல் புடுங்குகிற பல்லாகும் வரைக்கும் காத்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவை, சம்பள நாளுக்கு மறுநாள் ஒரு நடமாடும் பல் கிளினிக் மடுல்சீமைக்கும் நமுனுகுலைக்கும் வரட்டும் என்று நாங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பல் பார்க்கிறேன் என்று ஐஸ் எடுக்கிறவனும் வெட்கமில்லாமல் வந்து வரிசையில் நிற்கலாம். ஆச்சியும் நிற்பார், புற்று ஏதும் ஆரம்பமா என்று அவர் வாயையும் பார்க்கவேண்டும். தொழிற்சங்கக்காரர்கள் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்போம்.

அந்தத் தீபாவளிப் பையன் இப்போது பதுளையில் கிளினிக்குக்குப் போய் வருகிறான். தூங்குகிறான். பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் மட்டும் போகவில்லை. போன வாரம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அண்ணே, இதெல்லாம் திருப்பி மொளைக்குமா?" முளைக்காது என்று சொன்னோம். மிச்சம் இருக்கிறதை புளோரைட் பேஸ்ட் போட்டுக் காப்பாற்றலாம், முன்னால் போன மூணுக்குப் பல் கட்டலாம் என்றும் சொன்னோம். எவ்வளவு ஆகும் என்று கேட்டான். விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.